அலைக்கு வழி விடுவது

கேட்டமரன் என்ற சொல்லுக்கு நாம் கொஞ்சம் அதிகமாகவே பெருமைப்பட்டுக்கொள்கிறோம். சொல் நம்முடையதுதான். 1697இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்துவைத்தார். சொல் ஆங்கிலத்தில் ஏறிக்கொண்டது. ஆனா இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை ஓடப் படகின் முன்னோர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். கட்டுமரத்தில் மரங்கள் நெருக்கிக் கட்டப்பட்டிருக்கும். கேட்டமரனோ இரண்டு ஓடங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை நம்பி மிதப்பது.

வம்பே அந்த வெற்றிடத்தில்தான். ஓடங்களை இணைக்கும் தளத்தின் மேல் அறை கட்டினால் வீடு மாதிரி வாழலாம். ஆனால் தளம் தாழ்வாக இருந்தால் அலை அடியில் வந்து அறையும். இரவெல்லாம் தரைக்குக் கீழே யாரோ சம்மட்டி போடுவதுபோல. தம்ளர் குதிப்பது பரவாயில்லை, தூக்கம் போய்விடும். நடுக்கடலில் தூங்காத ஆள் ஆபத்தானவர். சரி, தளத்தை உயர்த்தலாமே? உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க ஆறடிக்கு மேல் வேண்டும். தளம் ஏறினால் கூரையும் ஏறும், காற்று பிடித்துத் தள்ளும்.

1950களின் நடுவில் ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர், இருபத்துமூன்றரை அடி நீளமுள்ள 'டாங்கரோவா'வில் இரண்டு ஜெர்மானியப் பெண்களோடு அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் சேர்ந்தார். பிற்பாடு அவர் வரைந்த படகுகளில் நடுத்தளம் இடுக்கு விட்ட பலகைகள்தான். அலை வந்தால் இடுக்கு வழியே பீய்ச்சிக்கொண்டு போய்விடும். அறைச்சல் குறைவு. பதிலுக்கு, ஒரு ஓடத்தில் சமைத்துவிட்டு இன்னொன்றில் படுக்க மழையில் நனைந்து நடக்கணும். எனக்கு இந்த நேர்மை பிடிக்கும், ஆனால் அதில் குடியிருக்கச் சொன்னால் யோசிப்பேன். கான்வே தீவின் ப்ரௌட் சகோதரர்கள் மூடிய அறையையே தேர்ந்தார்கள். தளம் தாழ்வு, அலையைப் பிளக்க அதன் அடியில் நடுவே தோணி வடிவில் ஒரு புடைப்பு வைத்தார்கள்.

லகூன் போன்ற பிரெஞ்சு நிறுவனங்கள் வந்தபின் வாடகைக்கு விடும் மிதக்கும் வீடுகள் பெருகின. 40 அடிப் படகுக்கு முக்கால் மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பரவலான கைக்கணக்கு. நானும் ஒரு கணக்குப் போட்டேன். 12 மீட்டர் நீளத்தில் இரண்டு ஓடங்கள், நீர்மட்டத்தில் மொத்தப் பரப்பு சுமார் 17 சதுர மீட்டர் என்று வைத்தால், ஒரு டன் ஏற்றினாலே ஆறு சென்டிமீட்டர் அமிழும். ஜெனரேட்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர், டீசல் என்று சொகுசுக்காக ஏற்றுவதெல்லாம் அந்த முக்கால் மீட்டரிலிருந்துதான் கழிகிறது. விற்பனைக் காகிதத்தில் இருப்பது பெரும்பாலும் காலிப் படகின் அளவு.