குழாய்க்குள் ஓடிய அனல்

நெருப்பின்மேல் நீரை வைத்துக் கொதிக்கச் செய்தல் மனிதன் பன்னெடுங்காலமாக அறிந்த தொழில். அடுப்பில் எழும் வெப்பத்தின் பெரும்பகுதி நீரைச் சேராமல் புகையோடு போய்விடுவதும் அவன் அறிந்ததே. நீராவி இயந்திரம் தோன்றிய பின்னர் இவ்விழப்பு ஒரு பெருங்கேள்வியாக எழுந்தது. ஓரிடத்தில் நிலையாக நின்று இயங்கும் இயந்திரத்துக்குப் பெரிய கொதிகலம் அமைத்து, வேண்டிய மட்டும் நிலக்கரியை எரித்துவிடலாம். தண்டவாளத்தில் ஓடும் இயந்திரமோ தன் கொதிகலத்தையும் எரிபொருளையும் தானே சுமக்க வேண்டும். சிறிய கொதிகலத்திலிருந்து மிகுந்த நீராவியைப் பெறுவது எவ்வாறு? புகைவண்டியின் எதிர்காலம் இவ்வினாவில் தங்கியிருந்தது.

1804 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் பெனிடாரன் இரும்பாலைத் தடத்தில் ரிச்சட் திறெவிதிக் ஓட்டிய இயந்திரத்தில், அனல் செல்வதற்கு அகன்ற குழாய் ஒன்றே இருந்தது. அது கொதிகலத்தினுள்ளே சென்று, வளைந்து, மீண்டும் வெளியே வந்தது. பின்வந்தோரும் ஏறக்குறைய இவ்வழியையே பின்பற்றினர். அகன்ற குழாயின் நடுவே ஓடிய அனல் சுவரைத் தீண்டாமலே புகைபோக்கியை அடைந்தது. நீருக்குச் சேரவேண்டிய வெப்பம் வானத்துக்குச் சென்றது.

1829 ஆம் ஆண்டில் லிவர்பூல், மான்செஸ்ரர் நகரங்களை இணைக்கும் இருப்புப்பாதை உருவாகிக்கொண்டிருந்தது. வண்டிகளை எதனால் இழுப்பது என்று ஆராய்ந்த ஜேம்ஸ் வோக்கர், ஜோன் றாஸ்ட்றிக் என்னும் பொறியியலாளர் இருவரும், பாதையோரத்தில் நிலையான இயந்திரங்களை நிறுவிக் கயிற்றினால் இழுப்பதே சிறந்ததென அறிக்கை செய்தனர். ஓடும் இயந்திரத்தை ஆதரித்தோர் விடவில்லை. ஈற்றில் நிருவாகிகள் 500 பவுண் பரிசு குறித்துப் போட்டியொன்றை அறிவித்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் றெயின்ஹில் என்னுமிடத்தில் அது நடைபெற்றது.

ஜோர்ஜ் ஸ்ரீவன்சனும் அவர் மைந்தர் றொபேட்டும் அமைத்த ‘றொக்கற்’ அங்கே வந்து நின்றது. அதன் கொதிகலத்தில் மூன்று அங்குல விட்டமுடைய செப்புக் குழாய்கள் 25 இருந்தன. இந்த யோசனையைக் கூறியவர் பொறியியலாளர் அல்லர். இருப்புப்பாதைக் கழகத்தின் அலுவல்களைக் கவனித்த ஹென்றி பூத் என்பவரே. இதன் பயனை எளிய கணக்கொன்று காட்டும். மூன்று அங்குலக் குழாய்கள் 25 இன் வாய்ப்பரப்பும், 15 அங்குலக் குழாய் ஒன்றின் வாய்ப்பரப்பும் சமமானவை. ஆயினும் அனலைத் தீண்டும் சுவரோ முன்னையதில் ஐந்து மடங்கு.

நன்மையோடு தீமையும் வந்தது. ஒடுங்கிய குழாய்கள் வாயுவின் ஓட்டத்தைத் தடுக்கும். ஓட்டம் தளர்ந்தால் அடுப்பில் தீ மங்கும். வேலை முடித்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கியினூடாக மேனோக்கிப் பாய்ச்சி, அதன் விசையால் அனலை இழுத்தது றொக்கற். பிரான்சில் மார்க் செகன் என்பவர் 1828 இலேயே பல குழாய்க் கொதிகலத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். அவரும் இத்தடையை எதிர்நோக்கினார். காற்றாடிகளைச் சுழற்றிக் காற்றூட்டினார். கடலின் இரு கரைகளிலும் ஒரே கருத்து முளைத்தது. ஒரே இடர்ப்பாடும் எதிர்ப்பட்டது.

றெயின்ஹில்லில் போட்டியிட்ட திமதி ஹக்வேத்தின் ‘சான் பரேல்’ இயந்திரத்திலும் நீராவி வீச்சு இருந்தது. மிகக் கடுமையாகவே இருந்தது. ஆனால் அனற்குழாய் பழைய முறையில் ஒன்றே. ஆகவே அது கற்கரியை ஏராளமாகத் தின்றது. எரியாத கரியையும் புகைபோக்கியால் வீசியெறிந்தது. பின்னர் நீர்ப்பம்பியும் பழுதாயிற்று. துருத்தியால் காற்றூட்டிய ‘நொவெல்ரி’ விரைவிலே சிறந்து விளங்கியும், பழுதுகளால் இடையில் நின்றது. பரப்பையும் ஓட்டத்தையும் ஒருங்கே பெற்ற றொக்கற் பரிசை வென்றது. 1830 செப்ரெம்பர் 15 ஆம் நாள் பாதை திறக்கப்பட்டபோது வண்டிகளை இழுத்தவை ஓடும் இயந்திரங்களே.

செய்து வென்றதன் காரணத்தை அறிஞர் விளக்குவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. மான்செஸ்ரரில் பேராசிரியராயிருந்த ஒஸ்போண் றெயினோல்ட்ஸ் 1874 இல், வாயுவிலிருந்து சுவருக்கு வெப்பம் செல்வதில் ஓட்டத்தினால் எழும் சுழிப்புக்களுக்குப் பெரும் பங்குண்டு என எடுத்துரைத்தார். 1883 இல் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாய இழையொன்றை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது இழை நேராக நின்றது. வேகம் ஓரளவைக் கடந்ததும் கலைந்து சுழன்றது. அமைதியாக ஓடும் வாயு சுவரருகே போர்வைபோலப் படிந்து வெப்பத்தை மறிக்கும். சுழிப்பு அப்போர்வையை மெலிவிக்கும்.

உலோகத்திலிருந்து நீர் வெப்பத்தை எளிதில் வாங்கும். உலோகத்துக்கு வாயு கொடுப்பதே அரிது. ஆகவே வாயு செல்லும் பக்கத்தில் மீனின் செட்டைபோலத் தகடுகளை அமைத்துப் பரப்பைப் பெருக்கும் முறை பிறந்தது. பிரான்சில் தோன்றிய ‘சேர்வ்’ குழாய்கள் உட்புறத்தே நீண்ட வரம்புகளைக் கொண்டவை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுப் புகைவண்டிகள் பலவற்றில் அவை இடம்பெற்றன. ஆயினும் அவை பாரமானவை, விலைமிக்கவை, வரம்புகளிடையே புகைக்கரி தங்கினால் துப்புரவு செய்வதும் கடினம். 1845 இல் இங்கிலாந்தின் எட்வேட் கிறீன், போகும் புகையால் நீரைச் சூடாக்கும் குழாய்களை அமைத்தபோது, புகைக்கரியைச் சுரண்டும் கருவிகளையும் உடன் சேர்த்தது இத்தொல்லை கருதியே.

செட்டைக்கும் அளவுண்டு. மிக நீண்டால் அதன் நுனி வாயுவைப்போலவே சூடேறி, மேலும் வெப்பத்தை வாங்காது நிற்கும். மிக நெருங்கினால் வாயுவின் வழி அடைபடும். செட்டையின் விளிம்பைக் கீறியும் முறுக்கியும் சுழிப்பை உண்டாக்கலாம். அதற்கும் விலையாக வாயுவைத் தள்ளும் விசை கூடுதலாக வேண்டும்.

இன்று வாயுச்சுழலியிலிருந்து வெளியேறும் சூடான வாயுவைச் செட்டைக் குழாய்களின்மேற் செலுத்தி, நீராவியாக்கி, மீண்டும் மின்சாரம் பெறுகின்றனர். வீணாகும் வெப்பத்திலிருந்து இவ்வாறு நீராவி பெறும் மின்நிலையங்கள் இலங்கையில் களனிதிஸ்ஸவிலும் கெரவலப்பிட்டியிலும் உள்ளன. அத்தகைய குழாய்களை வகுக்கும் பொறியியலாளர் விடை காண முயல்வது றெயின்ஹில்லில் எழுந்த அதே வினாவுக்கே: அனலுக்கு எவ்வளவு சுவரைக் காட்டுவது, அதன் வழியை எவ்வளவு திறந்து வைப்பது? இரண்டில் ஒன்றை மட்டும் நாடியவர் அன்றும் வெல்லவில்லை.