ஸ்டியரிங் முனகிய காலம்

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் தடத்தில் இருக்கிறது திருவாலங்காடு. இரத்தின சபைக்கும் காரைக்கால் அம்மையாருக்கும் பேர்போன ஊர். அதே தடத்தில், அதற்குச் சில நிலையங்கள் முன்னால் வரும் கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூருக்கு வேறொரு பெருமை உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்து லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது அங்கேதான்.

அம்பாசடரை இரண்டு கையாலும் இழுத்து வளைத்துத் தோள் காய்த்துப்போன டிரைவர்களுக்கு லான்சரின் ஸ்டியரிங் அதிசயமாக இருந்தது. நின்ற இடத்திலேயே லேசாகத் திரும்பியது. கூடவே அதுவரை அவர்கள் கேட்டிராத ஒரு சத்தமும் வந்தது. வண்டி பழசாக ஆக, வளைவில் திருப்பும்போதெல்லாம் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல்.

அம்பாசடரில் முனக ஆளில்லை. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது தண்டும் பல்சக்கரமும் கிரீஸும்தான். லான்சரிலோ, இஞ்சின் பெல்ட் சுழற்றும் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தி, சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்கு அனுப்பியது. பம்ப் வந்தால் பெல்ட்டும் ஹோஸும் சீலும் கூடவே வரும். கெடும்போது ஒவ்வொன்றும் தனித்தனிக் குரலில் பேசும்.

இந்த ஏற்பாட்டின் முன்னோடி பிரான்சிஸ் டேவிஸ். அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவில் இருந்த பொறியாளர். 1920-களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கை உருவாக்கிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வம் காட்டியது. பொருளாதார மந்தம் வந்ததும் செலவை நினைத்து 1934-ல் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு அது தேவைப்பட்டது. விற்பனைக்கு வந்த காரில் பவர் ஸ்டியரிங் ஏறியது 1951-ல், கிரைஸ்லரின் இம்பீரியலில்.

இந்தப் பகுதிக்கு அது காரில் வரவில்லை, கனரக வண்டியில் வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் 1969-லேயே லாரி, பஸ்களில் பவர் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது. 1970-களில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மண் அள்ளும் எந்திரங்களைச் செய்தது. பின்னாளில் கேட்டர்பில்லர் கைக்குப் போன ஆலை அது. ஆக, லான்சர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பம்ப், சீல், ஹோஸ் என்ற சொற்கள் இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் பழக்கம். உதிரிப் பாகத் தொழிலும் பக்கத்திலேயே வளர்ந்தது. சென்னையின் ரானே குழுமம் 1980-களில் அமெரிக்காவின் டிஆர்டபிள்யூவுடன் சேர்ந்து பவர் ஸ்டியரிங் தயாரிப்பில் இறங்கியது.

காரின் சத்தத்தைப் பிரித்தறிவது மட்டும் தனி வித்தை. தேர்ந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் பம்பைத் தொடமாட்டார். எண்ணெய்க் குடுவையின் மூடியைத் திருகுவார். அளவு குறைந்திருந்தால் பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கிறது, முனகல் அங்கிருந்துதான். எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் உள்ளே தேய்மானம். நுரைத்திருந்தால் எங்கோ காற்று நுழைகிறது.

எங்கே என்பதில்தான் பலர் ஏமாறுவார்கள். குடுவையிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓ-ரிங் தேய்ந்தாலோ கிளாம்ப் தளர்ந்தாலோ எண்ணெய் வெளியே வராமலேயே காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. குடுவையின் அடியில் உள்ள சல்லடை அடைத்துக்கொண்டாலும் இதே முனகல்தான். நோய் இன்னதென்று தெரியாமல் பம்பையே கழற்றிவிட்டுச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் பழைய பம்ப் தேடிப் போனவர்கள், அதை மாட்டிய பிறகும் அதே சத்தத்தைக் கேட்டார்கள்.

ஓ-ரிங்கை மாற்றிய பின் காற்றை வெளியேற்ற வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இஞ்சினை ஓடவிடாமல், ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி விட்டால் குடுவையில் குமிழிகள் கிளம்பும். அவை அடங்கும்வரை எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகே இஞ்சினுக்குச் சாவி.

வண்டியைத் திருப்பும்போது கீச்சென்று கத்தினால் குற்றவாளி பெல்ட். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் சத்தம் மாறினால் சந்தேகமே வேண்டாம். மேடு பள்ளத்தில் 'டொக் டொக்' என்று தட்டினால் பம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டை ராடு எண்டையோ ரேக் புஷ்ஷையோ பார்க்க வேண்டும்.

அதிகத்தூர் ஆலை அதன்பின் பல மாற்றங்களைக் கண்டது. மிட்சுபிஷியின் பஜேரோவும் செடியாவும் அங்கிருந்து வந்தன. 2013-க்குப் பிறகு சில காலம் இசுஸு வண்டிகள் ஓடிவந்தன. பிறகு பிரான்சின் பேஷோ குழுமம் வந்தது. 2021-ல் அதன் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ், அடுத்த ஆண்டு சி3. இவற்றின் ஸ்டியரிங்குக்கு எண்ணெயும் இல்லை, பெல்ட்டும் இல்லை; மின்மோட்டார்தான் உதவுகிறது. கோளாறு வந்தால் மெக்கானிக் குடுவையைத் தேட மாட்டார், ஸ்கேனரை மாட்டுவார். லான்சர் பிறந்த ஆலையிலிருந்தே அந்த முனகல் விடைபெற்றுவிட்டது.

சாலையிலிருந்து இன்னும் விடைபெறவில்லை. திருவாலங்காட்டில் இருக்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் பழைய லாரிகளைத் திருப்புவது எண்ணெய் பம்ப்தான். செகண்ட் ஹேண்ட் சந்தையில் லான்சரும் செடியாவும் இன்றும் கை மாறுகின்றன. அப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்கள் காலையில், இஞ்சின் சூடேறும் முன் வண்டியை எடுத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துக் கேட்டுப் பாருங்கள். சில நொடிக்கு மேல் அப்படியே பிடித்திருந்தால் பம்ப் சூடேறும், ஜாக்கிரதை. முனகல் கேட்டால் புதுப் பம்புக்கு விலை பேசும் முன், குடுவையின் மூடியைத் திறந்து நுரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.