பாட்டமும் பலாமரமும்

பிறர் நிலத்தைப் பெற்றுப் பயிரிட்டு, அதற்கென உரியவருக்கு ஒரு பங்கோ தொகையோ கொடுப்பதைக் குமரி மாவட்டத்தார் 'பாட்டம்' என்பர். பாட்டத்துக்கு எடுத்த விளையில் மரச்சீனியும் வாழையும் நிற்கும். பலாக்கன்று நிற்பது அரிது. மரச்சீனி ஓராண்டுக்குள் கிழங்கு தந்துவிடும். பலா காய்க்கவோ பல ஆண்டுகள் வேண்டும். அதுவரை நிலம் தன் கையில் இருக்குமா என்பதே பாட்டக்காரரின் கவலை.

இக்கவலைக்கு நம் முன்னோர் ஒரு வழி கண்டிருந்தனர். திருவிதாங்கூரில் 'குழிக்காணம்' என்றொரு முறை வழங்கிவந்தது. குடியானவர் தரிசைப் பெற்றுக் குழி தோண்டித் தென்னையும் பலாவும் வைப்பார். பின்னாளில் நிலத்தை விட்டு நீங்க நேர்ந்தால், அவர் வைத்த மரங்களுக்கு உரிய மதிப்பைப் பெறுவார். நிலம் ஒருவருடையதாயினும் உழைப்பின் பயன் உழைத்தவருடையது என்னும் நீதி இதில் அடங்கியிருந்தது.

அரசு நிலங்களில் பயிரிட்டோர் 'பண்டாரப்பாட்டக்காரர்' எனப்பட்டனர். அவர்கள் பாட்டம் செலுத்துவோரேயன்றி நிலத்துக்கு உரியோர் அல்லர். ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆட்சியில், மாதவராவ் திவானாக இருந்தபோது, 1865 ஜூன் 2 அன்று பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளியாயிற்று. நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் மக்களுக்கு விட்டுச்செல்லவும் அது குடியானவருக்கு உரிமை தந்தது. வரியை ஒழுங்காகச் செலுத்தும்வரை நிலம் அவருடையதே என்றாயிற்று.

ஆயினும் அந்த ஒளி எல்லார் மீதும் விழவில்லை. பாட்டக்காரரின் கீழ் வேலை செய்தோர் அதில் இடம்பெறவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பு, 1855இல், திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டிருந்தது. விடுதலை பெற்றவர்களின் கைக்கு விடுதலை வந்ததே தவிர, நிலம் வரவில்லை. குமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு இணைந்த பின்னர், 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டமே, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த உழவுத் தொழிலாளருக்கு அந்தக் குடியிருப்பு மனையை உரிமையாக்க வழி செய்தது.

ஐரோப்பாவின் தொழில் நகரங்களிலும் நிலமற்றோர் சிக்கல் எழுந்தது. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தம் சுற்றுமடலில், தனக்குரிய மண்ணில் மனிதன் கூடுதல் ஆர்வத்தோடு உழைக்கிறான் என்பதை எடுத்துக்காட்டினார். பிரான்சு நாட்டுக் குருவும் பாராளுமன்ற உறுப்பினருமான ஜூல் லெமீர், 1896இல் ஒரு சங்கம் நிறுவித் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சிறு தோட்டத் துண்டுகள் கிடைக்கச் செய்தார். இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் கேட்டால் இத்தகைய தோட்டத் துண்டுகளை வாடகைக்கு வழங்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள் மீது சுமத்தியது. அங்கு வழக்கமான துண்டின் அளவு நம் கணக்கில் ஏறத்தாழ ஆறே கால் சென்ட். ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு அவ்வளவு மண்ணே பெருந்துணை.

நம் பங்குகள் பலவற்றுக்கும் நிலம் உண்டு. அதை ஆண்டுதோறும் ஏலம் விட்டு, அதிகம் கேட்பவருக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். வருவாய் தேவையே, ஆனால் ஏலத்தில் ஏழை வாய் திறக்க இயலாது. கோயில் நிலத்தில் ஒரு பகுதியையேனும் ஐந்தாறு சென்ட் துண்டுகளாக்கி, நிலமற்ற குடும்பங்களுக்குக் குறைந்த பாட்டத்தில் கொடுத்தால் என்ன? ஓராண்டுக்கு அன்று, பத்தாண்டுக்கு எழுதிக் கொடுக்கலாம். கிணற்று நீருக்கு முறை வைக்கலாம். நட்ட மரத்துக்குக் குழிக்காண முறைப்படி மதிப்புத் தரலாம்.

அப்படிக் கொடுத்த துண்டில் ஒருவர் பலாக்கன்று நடுவாராயின், நம்மை அவர் நம்பத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.