நம் காலத்தில் ஏது ஆட்டிசம்?



"நாற்பது வயசுல எனக்கு ஆட்டிசம்னு சொல்லிக்கிறாங்க. நம்ம காலத்துல ஏது இதெல்லாம்?" என்று சென்ற வாரம் ஒரு உறவினர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் வரலாற்றில் இருக்கிறது.

1926-இலேயே குரூன்யா சுகாரேவா என்ற சோவியத் பெண் மருத்துவர் இப்படிப்பட்ட ஆறு சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் ஆட்டிசம் என்ற பெயர் நிலைத்தது. 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார்.

அடுத்து வந்தது பெரிய அநியாயம். தாயின் பாசக்குறைவே காரணம் என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய புத்தகம் அந்தப் பழியைப் பரப்பியது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964-இலேயே அதை மறுத்து, காரணம் உடல்சார்ந்தது என்று வாதாடியிருந்தார்.

1981-இல் லண்டன் மருத்துவர் லார்னா விங், அவரும் அப்படி ஒரு மகளின் தாய், நன்றாகப் பேசும், படிக்கும் பிள்ளைகளிடமும் இது உண்டு என்று எடுத்துக்காட்டினார். அதன் பிறகே வரையறை விரிந்தது. இன்று நாற்பது வயதானவர்கள் சிறுவயதில் தப்பிப்போனதற்குக் காரணம் இதுதான். புதிதாக வந்தது நோயல்ல, பெயர்.

1993-இல் ஜிம் சின்கிளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர், டொரோண்டோ மாநாட்டில் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காக அழ வேண்டாம் என்றார். இது ஒட்டிக்கொண்ட நோயல்ல, நாங்களே இப்படித்தான் என்பது அவர் வாதம். இருபத்துநாலு மணி நேரமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு இது எளிதில் ஏற்காது. அவர்கள் கஷ்டமும் உண்மை. இரு தரப்பையும் கேட்கத்தான் வேண்டும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் வகுப்பில் ஒரு பையன் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். திமிர் என்று நினைத்துப் பலமுறை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். அவனுக்கு என்ன என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று கேட்கவும் தோன்றவில்லை.

தம்பி, இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் செய். மன்னிப்புக் கேட்க வேண்டும்.