மாறும் மாறிலிகள்: சூடான எஃகின் மணிகளைக் கணக்கிட்ட வரலாறு

கலைச்சொற்கள் பல நேரங்களில் தாம் பிறந்த காலத்தின் பிழைகளையும் சுமந்துகொண்டே நம்மிடம் வந்து சேர்கின்றன. எஃகுத் துறையில் நாள்தோறும் புழங்கும் 'மறுபடிகமாதல்' அவ்வாறான ஒரு சொல். 'மறு' என்னும் முன்னொட்டு, இடையில் படிகத்தன்மை அழிந்துபோனதாக எண்ணவைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் உண்மையிலேயே அப்படித்தான் கருதினர்: அடித்து வளைத்த உலோகம் படிக ஒழுங்கை இழக்கிறது, சூடேற்றினால் அதை மீண்டும் பெறுகிறது என்று. உலோகம் நழுவல் தளங்களின் வழியே உருமாறும்போதும் படிகமாகவே இருக்கிறது என்பதை 1900இல் யூயிங்கும் ரோசன்ஹைனும் நிறுவினர். கொள்கை மறைந்தது, சொல் நிலைத்துவிட்டது.

இச்சொல் குறிக்கும் நிகழ்வே உருட்டாலையின் உயிர்நாடி. ஏறத்தாழ 1200 பாகை செல்சியசுக்குச் சூடேற்றிய எஃகுப் பாளம், உருளைகளுக்கிடையே பலமுறை நசுங்கிச் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடாகிறது. அவ்வெப்பநிலையில் எஃகு ஆஸ்டினைட் என்னும் நிலையில் இருக்கும். ஒவ்வொரு நசுக்கலிலும் அதன் மணிகள் தட்டையாகி நீள்கின்றன. அடுத்த நசுக்கலுக்குள் அவற்றின் எல்லைகளில் திரிபற்ற புதிய மணிகள் முளைத்துப் பழையவற்றை விழுங்குகின்றன. அதுவே மறுபடிகமாதல். முடிவில் மணிகள் நுண்ணியவையாக அமைந்தால் எஃகு வலுப்பெறும். இவ்வுறவை ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் சமன்பாடாக்கினர். ஆனால் தகடு குளிரும்போது ஆஸ்டினைட் வேறு நிலைக்கு மாறிவிடுவதால், நடந்தவற்றின் நேரடித் தடயம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. கண்ணால் காண இயலாத அந்தச் சில நொடிகளைக் கணக்கிட்டறிவது எப்படி?

அதற்கான கருவிகள் தனித்தனியே உருவாகியிருந்தன. புதிய மணிகள் முளைத்துப் பரவும் வேகத்துக்கான கணிதத்தைக் கோல்மோகோரோவ் 1937இலும், ஜான்சன், மெல், அவ்ராமி ஆகியோர் 1939 முதலும் அளித்தனர். வெப்பநிலையையும் திரிபு வேகத்தையும் ஒரே அளவாக இணைக்கும் வழியை 1944இல் சீனரும் ஹாலமனும் காட்டினர். இவற்றை உருட்டாலைக்கு உரிய முறையில் ஒன்றிணைத்த கட்டுரை, 1979இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் செல்லர்சும் வைட்மனும் எழுதியது. 1860களில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி எஃகை மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, நுண்ணோக்கியில் கண்டதும் அதே நகரில்தான்.

அவர்களுடைய முறையின் சிறப்பு, எஃகின் முன்வரலாற்றைக் கணக்கில் சுமந்துசெல்வது. பசுமை + தமிழ் 'பைந்தமிழ்' ஆகும்போது ஈறு போதல், அடியகரம் ஐயாதல், இனமிகல் என விதிகள் வரிசையாக இயங்குகின்றன. ஒன்றன் விளைவே அடுத்ததன் தொடக்கம். உருட்டலும் அத்தகையதே. முதல் நசுக்கலுக்குப் பின் கிடைத்த மணியளவு இரண்டாவதற்குத் தொடக்க அளவாகிறது. மறையாது எஞ்சிய திரிபு அடுத்ததோடு கூடுகிறது. சாதாரணக் கார்பன்-மாங்கனீசு எஃகுக்கு அவர்கள் முன்வைத்த உறவின்படி, திரிபு இரு மடங்கானால் மறுபடிகமாதல் பாதியளவு நிறைவேறும் நேரம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். தொடக்க மணியளவு பாதியானால் அந்நேரம் கால் பங்காகும்.

இந்த அடுக்கெண்கள் எங்கிருந்து வந்தன? தூய கோட்பாட்டிலிருந்து மட்டும் அல்ல. ஆய்வகத்தில் மாதிரிகளைச் சூடேற்றி, நசுக்கி, சில நொடிகள் காத்திருந்து, நீரில் சட்டென்று குளிர்வித்து, அரித்து, பழைய ஆஸ்டினைட் எல்லைகளை வெளிக்கொணர்ந்து, மணிகளை அளந்து பெற்றவை அவை. குறிப்பிட்ட வேதியியல் சேர்க்கையும் வெப்பநிலை வரம்பும் கொண்ட எஃகுகளின் பதிவுகள் அவை.

இங்கேதான் இரண்டாவது சொல் நம்மை ஏமாற்றுகிறது. 'மாறிலி' என்றதும் எங்கும் மாறாதது என்று கொள்கிறோம். ஆனால் எஃகில் நூற்றில் சில நூறில் ஒரு பங்கு நையோபியம் சேர்ந்தாலே போதும். வெப்பநிலை தாழும்போது அதன் நுண்துகள்கள் படிந்து மணி எல்லைகளைப் பிடித்து நிறுத்துகின்றன. மறுபடிகமாதல் தடைப்படுகிறது, திரிபு நசுக்கலுக்கு நசுக்கல் சேர்கிறது, தட்டையான ஆஸ்டினைட்டிலிருந்து மிக நுண்ணிய மணிகள் பிறக்கின்றன. எரிவாயுக் குழாய்களுக்கான வலிய எஃகு இவ்வழியில் செய்யப்படுகிறது. சாதாரண எஃகின் மாறிலிகளை இங்கே இட்டால், நடவாத மறுபடிகமாதலை நடந்ததாகக் கணினி சொல்லும். உருளைகள் தாங்க வேண்டிய விசையையும் குறைத்தே மதிப்பிடும்.

இன்று மென்பொருள்களில் இந்த எண்கள் ஆயத்தமாக வந்து அமர்ந்துவிடுகின்றன. கல்வெட்டைப் படிக்கும்போது எந்த ஊர், எந்த மன்னர், எந்த ஆட்சியாண்டு என்று கேட்கிறோம். மாறிலியிடமும் கேட்போம்: எந்த எஃகு, எந்த வெப்பநிலை, எவ்வளவு திரிபு, எத்தனை நொடி? ஆய்வேட்டின் அட்டவணையில் எண்ணுக்கு அருகே இந்த நான்கு விவரங்களையும் எழுதிவைத்தால், அடுத்து வருபவர் அதை எங்கே பயன்படுத்தலாகாது என்பதையும் அறிவார்.