மரியாவின் தையல் மிஷின்

'சிம்ப்ளெமென்தே மரியா' என்ற ஸ்பானிய மொழித் தொடரை, பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து இயங்கிய பானமெரிக்கானா தொலைக்காட்சி 1969இல் ஒளிபரப்பத் தொடங்கியது. கதை பெருவுக்குச் சொந்தமானதல்ல. அர்ஜென்டினாவின் செலியா அல்கான்தரா வானொலிக்காக எழுதியது. 1967இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியிலும் வந்தது.

கிராமத்திலிருந்து நகரத்துக்கு வீட்டு வேலைக்கு வருகிறாள் மரியா ராமோஸ். பணக்கார வீட்டு மாணவன் அல்பெர்த்தோ காதலிக்கிறான். கர்ப்பம் என்றதும் கைவிடுகிறான். இதுவரை பழகிய கதைதான். அதன்பின் மரியா அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை என்பதே புதுமை. மாலை வகுப்பில் எழுத்துக் கற்கிறாள், சிங்கர் மிஷினில் தைக்கப் பழகுகிறாள், கடைசியில் பெயர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஆகிறாள். எழுத்தறிவித்த ஆசிரியர் எஸ்தெபான் அவளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். மரியாவாக சாபி கமாலிச், எஸ்தெபானாக ரிக்கார்தோ புளுமே நடித்தார்கள்.

தயாரிப்பு முறை எளிமையானது. பெரும்பகுதி ஸ்டூடியோ அரங்குகளுக்குள்ளேயே நகர்ந்தது. காட்சிகளை வீடியோ நாடாவில் பதிவு செய்ததால் அதே நாடாக்களைப் பிற நாடுகளுக்கும் விற்க முடிந்தது. லத்தீன் அமெரிக்கா முழுவதும் மரியா போய்ச் சேர்ந்தாள். 1971 வரை ஓடிய தொடர் நானூறு எபிசோடுகளைத் தாண்டியது.

மலைப்பகுதிக் கிராமங்களிலிருந்து லிமாவுக்கு மக்கள் குவிந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டு வேலை செய்த பெண்கள் மரியாவில் தங்களைக் கண்டார்கள். எழுத்தறிவு வகுப்புகளிலும் தையல் பயிற்சியிலும் கூட்டம் சேர்ந்தது. சிங்கர் மிஷின் விற்பனை ஏறியது. அந்த நிறுவனம் சாபி கமாலிச்சுக்குப் பொன்னால் செய்த குட்டித் தையல் மிஷினைப் பரிசளித்தது. விளம்பரதாரரின் நன்றி இதைவிட வெளிப்படையாக இருக்க முடியாது! மரியா, எஸ்தெபான் திருமணத்தை லிமாவின் தேவாலயம் ஒன்றில் படமாக்கியபோது ஆயிரக்கணக்கானோர் வெளியே திரண்டார்கள். பரிசுப் பொருளோடு வந்தவர்களும் உண்டு.

இத்தனைக்கும் யாருக்கும் பாடம் புகட்டும் எண்ணம் தயாரிப்பாளர்களுக்கு இருக்கவில்லை. தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டே நடத்தலாமே என்று யோசித்தவர் மெக்சிகோவின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மிகேல் சபீதோ. நல்வழிப் பாத்திரம், தீயவழிப் பாத்திரம், இரண்டுக்கும் நடுவே தடுமாறி மெல்ல மாறும் பாத்திரம் என்று ஆட்களை வகுத்தார். பார்வையாளர் பின்தொடர வேண்டியது மூன்றாமவரைத்தான். 1975இல் அவருடைய 'வென் கொன்மீகோ' தொடர் முதியோர் கல்வியைப் பேசியது. இலவசப் பாடநூல் கிடைக்கும் இடத்தை அதில் சொன்னதும் அங்கே கட்டுக்கடங்காத கூட்டம். 1977இல் வந்த 'அகொம்பானியாமே' குடும்பக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டது.

இந்த முறைதான் 1984இல் தூர்தர்ஷனின் 'ஹம் லோக்' வழியாக இந்தியாவுக்கு வந்தது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கதையின் கேள்விகளைப் பார்வையாளர் முன் வைத்தார். தொடக்க எபிசோடுகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருக்க, வரவேற்பு மந்தமானது. ஜோஷி பிரசாரத்தைக் குறைத்துக் குடும்பப் பூசல்களைக் கூட்டிய பிறகே தொடர் சூடுபிடித்து, 1985 இறுதிவரை ஓடியது.