கரை ஒதுங்கிய இருபதாயிரம் காய்கள்

தென்னைக்கு விதை என்று தனியாக ஒன்று கிடையாது. சட்னிக்கு உடைக்கிற காயும் நாற்றங்காலில் பதிக்கிற காயும் ஒன்றுதான். நல்ல தாய்மரம் பார்த்து, பன்னிரண்டு மாதம் முற்றவிட்டு இறக்கிய நெற்றைத்தான் விவசாயி விதைக்கு எடுப்பார், அது வேறு கதை. ஆனால் தின்பதற்கென்று விலைபோன முற்றிய காய்க்குள்ளும் கரு உயிரோடுதான் இருக்கிறது. மட்டையோடு ஈரத்தில் கிடந்தால் யாரையும் கேட்காமல் முளைத்துவிடும்.

அமெரிக்காவில் ஓர் ஊருக்குப் பெயரே இப்படித்தான் வந்தது. 1878 ஜனவரியில் 'ப்ராவிடென்சியா' என்ற ஸ்பானியப் பாய்மரக் கப்பல் ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் தரைதட்டியது. ட்ரினிடாடில் ஏற்றிய சரக்கு, சுமார் 20,000 தேங்காய். ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் லேக் வொர்த் என்கிற காயல், நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே குடியேறியிருந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வில் லேன்ஹார்ட், ஹைரம் ஹாமன் என்ற இருவர் சரக்கை மீட்டு, ஐந்து சென்ட்டுக்கு இரண்டு காய் என்று அக்கம்பக்கத்தில் விற்றார்கள். வாங்கியவர்கள் குழம்பு வைக்கவில்லை. நட்டு வைத்தார்கள்.

பத்து வருஷத்துக்குள் கரை முழுக்கத் தென்னந்தோப்பு. தபால் நிலையத்துக்கு 'பாம் சிட்டி' என்று பெயர் கேட்டார்கள். அந்தப் பெயரில் ஃப்ளோரிடாவில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்ததால், 1887ல் 'பாம் பீச்' ஆனது. பிறகு ராக்ஃபெல்லரின் பழைய கூட்டாளி ஹென்றி ஃப்ளாக்லர் அந்த மரங்களைப் பார்த்து மயங்கி ரயில் விட்டார், 1894ல் பிரம்மாண்டமான ஹோட்டல் திறந்தார். கோடீஸ்வரர்கள் குளிர்காலம் கழிக்கிற இடம் என்ற புகழெல்லாம் அதற்கப்புறம் வந்ததுதான்.

இதே காலத்தில் தெற்கே, இன்றைய மயாமி பீச்சில், எல்னேதன் ஃபீல்டும் எஸ்ரா ஆஸ்பர்னும் முறையாகத் திட்டம் போட்டு, முதலீடு திரட்டி, கப்பல் கப்பலாகக் காய் இறக்கி மூன்று லட்சத்துக்கும் மேல் நட்டார்கள். முளைத்து வந்த குருத்துகளை முயல்கள் தின்று தீர்த்தன. தோப்பு எழவே இல்லை. விபத்தில் வந்த இருபதாயிரம் பிழைத்து, கணக்குப் போட்டு நட்ட மூன்று லட்சம் போனதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தக் கடல்மணலில் உரமில்லாமல் எப்படிப் பிழைத்தன? காயில் மூன்று கண்கள் உண்டல்லவா? அதில் மெத்தென்று இருக்கும் ஒன்றின் அடியில்தான் கரு. முளை வெளியே தெரியும் முன்பே உள்ளே பஞ்சு மாதிரி ஓர் உருண்டை வளரத் தொடங்கும். தள்ளுவண்டியில் 'தேங்காய்ப்பூ' என்று விற்கிறார்களே, அதேதான். அது பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உறிஞ்சி, பல மாதங்கள் பிள்ளைக்கு ஊட்டுகிறது. நாம் தென்னங்கன்று என்பதைவிடத் தென்னம்பிள்ளை என்றே அதிகம் சொல்கிறோம். கட்டுச்சோறோடு பிறக்கும் பிள்ளை.

ஆனால் அதற்கு ஒரு குறை இருக்கிறது. நெல்லைப் போலக் காயவைத்துக் குதிரில் போட முடியாது, காய்ந்தால் கரு செத்துவிடும். குளிர்ப்பெட்டி விதை வங்கியிலும் சேமிக்க முடியாது. பேரீச்சை போலப் பக்கக்கன்று விடாது, ஒட்டுக்கட்டவும் வராது. கப்பல் காலத்தில் ஒரு தென்னையை வேறு தேசத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் உயிருள்ள காயைச் சில மாதங்களுக்குள் அங்கே மண்ணில் சேர்க்க வேண்டியிருந்தது. ஆக, எந்தக் கப்பல் எந்தக் கரைக்கு எதை ஏற்றிப் போனதோ, அந்தக் கரைக்கு அதுவே வம்சம்.

ட்ரினிடாட் காயின் வம்சத்தைத் தேடிப் போனால் நம்ம பக்கத்துக்கே வந்து சேர்கிறோம். அட்லாண்டிக்கில் ஆதியில் தென்னை கிடையாது. வாஸ்கோ ட காமா 1499ல் திரும்பிய பிறகு, போர்ச்சுகீசியர்கள் இந்தியப் பெருங்கடல் பக்கத்துக் காய்களை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளில் நட்டார்கள். அங்கிருந்து தியேகோ லொரென்ஸோ என்ற பாதிரியார் 1549ல் போர்ட்டோ ரிகோவுக்குக் கொண்டுபோனார். கரீபியன் தென்னை பெரும்பாலும் இந்த வழியில் பரவியதுதான். 2011ல் வெளிவந்த மரபணு ஆய்வும் உலகத் தென்னையை இரண்டு பெரும் குடும்பங்களாகப் பிரித்து, அட்லாண்டிக் நெட்டை மரங்களை இந்தியப் பெருங்கடல் குடும்பத்தில் வைத்தது. பனாமாவின் பசிபிக் கரை மரங்களோ இன்னொரு குடும்பம்.

இத்தனை கைமாறி, ஒவ்வொரு முறையும் சில மூட்டைக் காய்கள் மட்டும் கடல் தாண்டி வந்த வம்சத்தில் எவ்வளவு வேற்றுமை மிஞ்சும்? அந்தக் கேள்விக்கான பதில் ஒரு நோயாக வந்தது. காய்கள் பிஞ்சிலேயே உதிரும், பாளை கருகும், அடிமட்டையிலிருந்து மேல்நோக்கி மஞ்சளாகும், கடைசியில் குருத்து அழுகிக் கொண்டை மொத்தமும் விழுந்து தந்திக்கம்பம் மாதிரி மரம் மட்டும் நிற்கும். தத்துப்பூச்சி பரப்புகிற, ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர்தான் காரணம். ஜமைக்காவில் லட்சக்கணக்கான நெட்டை மரங்களை முடித்த நோய், 1955 வாக்கில் கீ வெஸ்ட்டிலும் 1971ல் மயாமியிலும் வெடித்தது. ஒரே வம்சம் என்பதால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது.

மாற்று, மறு குடும்பத்திலிருந்து வந்தது. ஹியூ ஹாரிஸ் என்ற ஆய்வாளர் ஜமைக்காவில் மலேயக் குட்டையையும் பனாமா நெட்டையையும் சேர்த்து 'மேபான்' என்ற கலப்பினத்தை உருவாக்கினார். ஃப்ளோரிடா தெருக்களில் செத்த மரங்களின் இடத்தில் மேபானும் மலேயக் குட்டையும் லட்சக்கணக்கில் நடப்பட்டன. சில பத்தாண்டுகளில் அவையும் விழ ஆரம்பித்தன.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கேரளத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கும் வேர் வாடல் நோய்க்கும் ஃபைட்டோபிளாஸ்மாதான் காரணம். அது மரத்தை உடனே கொல்லாது, காய்ப்பைத் தின்றுகொண்டே இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி வரைக்கும் வந்துவிட்டது. தாங்கும் மரத்தைத் தேட வேண்டுமானால் பல வம்ச மரங்கள் உயிரோடு எங்காவது நிற்க வேண்டும். அதனால்தான் காசர்கோட்டிலும் கர்நாடகத்தின் கிடுவிலும் தென்னைக்கு விதை வங்கி என்பது தோப்பாகவே இருக்கிறது: வருஷம் முழுக்கத் தண்ணீர், ஆள், காவல்.

ஃப்ளோரிடாவில் பழைய நெட்டை மரங்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள், தண்டில் துளை போட்டு டெட்ராசைக்ளின் ஏற்றுகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, மரம் இருக்கும்வரை.